ஊர் நடுவே காட்டுயிர்த் தோட்டம்: குப்பை என்று அள்ளிப் போகாமல் காப்பது எப்படி?

பட்டாம்பூச்சி, தவளை, பறவை எல்லாம் வந்து வாழும் தோட்டத்துக்கு நகர மையத்தில் இடம் பிடிப்பதோ செடி வைப்பதோ பெரிய வேலையில்லை. சிற்றுயிர்களுக்கு வீடாக விட்டுவைக்கும் இலைச்சருகையும் பட்ட கட்டையையும் குப்பை என்று நினைத்து யாராவது சுத்தம் செய்துவிடுவதுதான் தலைவலி.

1. அனுமதி: எழுத்தில் வாங்குங்கள். ‘சருகை அகற்ற வேண்டாம்’ என்ற வரி அதிலேயே இருக்கட்டும். நிலத்தடியில் மின்கம்பி, குழாய் போகும் இடம் தெரியாமல் கடப்பாரை போடாதீர்கள்.

2. மண்: உரம் வேண்டாம். வளமான மண்ணில் புல் முந்திக்கொண்டு காட்டுப் பூச்செடிகளை அமுக்கிவிடும்.

3. செடி: பூ மட்டும் போதாது, புழு தின்ன இலையும் வேண்டும். எருக்கிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் உண்டு. அடுக்குப் பூ ரகங்களைத் தவிர்த்துவிடுங்கள். தேனீக்குத் தேன் எட்டாது.

4. ஓரம்: இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாதையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். உள்ளே எவ்வளவு புதர் மண்டினாலும், இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அந்த ஓரமே சொல்லிவிடும். கட்டைகளை ஒரே நீளத்தில் அறுத்து அடுக்குங்கள். அடிவரிசை பாதி மண்ணில் புதைந்திருந்தால் ஈரம் காயாது. பலகையில் ‘தொடாதே’ என்று அதட்ட வேண்டாம். ‘எருக்கிலையைப் புழு தின்கிறது, மருந்து அடிக்காதீர்கள்’ என்று அன்றன்றைய சேதியைச் சாக்பீஸில் எழுதுங்கள். அப்புறம், மேலதிகாரியிடம் சொன்னதோடு விட்டுவிடாமல், காலையில் துடைப்பத்தோடு வருகிறவரிடமே பேசி, சருகுக் குவியலைக் கையால் காட்டிவிடுங்கள். ஆள் மாறினால் திரும்பவும் காட்ட வேண்டும்.

5. குட்டை: 2 அடி ஆழம் போதும். ஒரு கரை சரிவாக இருக்கட்டும். செங்குத்தாக இருந்தால் விழுந்த அணில் ஏற முடியாமல் செத்துப்போகும். குழந்தைகள் வரும் இடம் என்பதால் மேலே உறுதியான கம்பிவலை கட்டாயம். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும்.

வெட்டுவதற்கு நான் அரிவாள் கட்சி. புல்வெட்டி இயந்திரம் தவளையைப் பார்த்து ஒதுங்காது. ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் வெட்டாமல் பாதியை விட்டுவைத்தால், கூட்டுப்புழுக்கள் தப்பும்.

பின்சேர்க்கை: மீன் இல்லாவிட்டால் கொசு வராதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தட்டான்பூச்சிகள் முட்டையிட்டுவிட்டால் அவற்றின் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்னும். அதுவரை சின்ன வலையால் அள்ளுங்கள். பலரும் கவனிக்காதது பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு. வெயில் காலத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை தட்டைக் கவிழ்த்து, உள்விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சில கொசுக்களின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.