புடவை விற்கும் இணையக் கடை கூகுளில் வர: எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

பெங்களூர் சிக்பேட்டையில் மொத்த விலைக்குப் புடவை எடுத்து, அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டில் இருந்தபடி இணையத்தில் விற்பவர்களுக்கான விளக்கம் இது. ஷாப்பிஃபையிலோ வூகாமர்ஸிலோ தளம் போட்டாயிற்று, பொருளும் ஏற்றியாயிற்று. ஆனால் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால்தான் ஆள் வருகிறது, கூகுளில் தேடி ஒருவர்கூட வருவதில்லை. இந்த நிலையில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "பிளாக் எழுதுங்கள், பேக்லிங்க் வாங்குங்கள்" என்பது. பேக்லிங்க் என்றால் பிற தளங்களில் இருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தேடலில் மேலே வருவதற்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிக்கு எதிரானது. பக்கமே கூகுளின் பட்டியலான இண்டெக்ஸில் இல்லாதபோது அதனால் பயனும் இல்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: கூகுளால் பக்கத்தைப் படிக்க முடிகிறதா, ஒரு பொருளுக்கு ஒரே முகவரி இருக்கிறதா, சாதாரண போனில் சீக்கிரம் திறக்கிறதா, அதற்குப் பிறகுதான் எழுத்து. வரிசை மாறினால் பின்னால் செய்யும் வேலை வீண்.

படி 1: கூகுளால் படிக்க முடிகிறதா?

கூகுள் சர்ச் கன்சோலில் கணக்கு தொடங்குங்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி அது. கட்டணம் இல்லை. இரண்டு வகையில் தளத்தைச் சேர்க்கலாம். "டொமைன்" வகையைத் தேர்ந்தெடுங்கள். முகவரியின் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருந்தாலும் இல்லாவிட்டாலும், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எதுவானாலும் எல்லாமே ஒரே கணக்கில் வந்துவிடும். அது ஒரு டெக்ஸ்ட் வரியைக் கொடுக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் லாகின் செய்து, டிஎன்எஸ் பகுதியில் புதிய ரெக்கார்டு சேர்த்து, வகை "டிஎக்ஸ்டி", ஹோஸ்ட் "@" என்று வைத்து அந்த வரியை ஒட்டுங்கள். சில நிமிடத்திலும் சரியாகலாம், ஒரு நாளும் ஆகலாம். சரியான பிறகு அந்த ரெக்கார்டை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் உரிமைச் சரிபார்ப்பு போய்விடும்.

அடுத்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் உங்கள் பொருள் பக்கம் ஒன்றின் முகவரியை ஒட்டி, "டெஸ்ட் லைவ் யூஆர்எல்" அழுத்துங்கள். கூகுளுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று படமாகவே காட்டும். அதில் புடவைப் படம், பெயர், விலை மூன்றும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றாலோ, இண்டெக்ஸ் ஆகாது என்று காட்டினாலோ காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வூகாமர்ஸ் கடைகள் இயங்கும் வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டியவர் வேலை நடக்கும்போது அதை டிக் செய்துவிட்டு, முடிந்ததும் எடுக்க மறந்திருப்பார். ஷாப்பிஃபையில் இதற்கு இணையானது, கடைக்குப் போட்ட பாஸ்வேர்டை எடுக்காமல் விட்டது. மூன்றாவது காரணம் எளிதில் கண்ணில் படாது. "நமக்கு இந்திய வாடிக்கையாளர் போதும்" என்று ஃபயர்வாலில் வெளிநாட்டுப் போக்குவரத்தை முழுக்கத் தடுத்திருப்பார்கள். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளில் இருந்துதான் வருகிறது. உங்களுக்குத் தளம் ஜோராகத் திறக்கும், கூகுளுக்கு 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில் போகும்.

இன்னொன்று, ரோபோட்ஸ் கோப்பையும் நோஇண்டெக்ஸ் குறியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரோபோட்ஸ் கோப்பு "உள்ளே வந்து படிக்காதே" என்கிறது. நோஇண்டெக்ஸ் "படித்துவிட்டு, தேடலில் காட்டாதே" என்கிறது. ஒரே பக்கத்துக்கு இரண்டையும் போட்டால், உள்ளே வர முடியாத கூகுள் நோஇண்டெக்ஸைப் பார்க்கவே பார்க்காது; வேறு லிங்க் மூலம் தெரிந்த அந்த முகவரி தேடலில் தலைகாட்டவும் கூடும். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களுக்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

படி 2: சைட்மேப்

தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிப் பட்டியல்தான் சைட்மேப். ஷாப்பிஃபை அதைத் தானே உருவாக்கிவிடும். வேர்ட்பிரஸில் 5.5 பதிப்பு முதல் அடிப்படைச் சைட்மேப் உள்ளேயே இருக்கிறது. எஸ்இஓ (தேடலில் மேலே வர உதவும்) பிளகின் இருந்தால் அது தன்னுடையதைத் தரும். முகவரியைக் கன்சோலில் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போகலாம், நமக்கு அது தாராளம். திரும்பத் திரும்பச் சமர்ப்பிப்பதால் எதுவும் வேகமாகாது.

படி 3: ஒரு புடவைக்கு ஒரே முகவரி

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். கன்சோலில் "பேஜஸ்" அறிக்கையைத் திறந்தால், இண்டெக்ஸ் ஆகாத பக்கங்களின் எண்ணிக்கை திகைக்க வைக்கும். 200 புடவை விற்கும் கடைக்கு 6,000 முகவரி எப்படி வந்தது என்று தோன்றும். ஃபில்டர்தான் காரணம். 8 நிறம், 5 துணி வகை, 6 விலை வரம்பு, 4 வரிசைப்படுத்தல் என்று வைத்தால் ஒரே ஒரு கலெக்‌ஷன் பக்கத்துக்கு 8 × 5 × 6 × 4 = 960 முகவரிகள் உருவாகின்றன. எல்லாவற்றிலும் அதே புடவைகள்தான். கூகுள் அவற்றைப் படித்துக்கொண்டே இருக்க, புதிதாக ஏற்றிய புடவை காத்துக் கிடக்கிறது.

எந்தச் சேர்க்கையை மக்கள் உண்மையில் தேடுகிறார்கள் என்று பாருங்கள். "பச்சை காஞ்சிபுரம் பட்டு" என்று தேடுவார்கள்; "பச்சை, 3,000 முதல் 5,000 வரை, விலை ஏறுவரிசை" என்று யாரும் தேடுவதில்லை. தேடப்படும் சேர்க்கைக்குத் தனிக் கலெக்‌ஷன், தனிப் பெயர், தன் சொந்த அறிமுக வரிகள் கொடுங்கள். மற்ற ஃபில்டர் முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கலாம். ஷாப்பிஃபை இவற்றில் பலவற்றைத் தானே தடுத்து வைத்திருக்கிறது. வூகாமர்ஸில் "ஆர்டர்பை", "ஃபில்டர்", "ஆட்-டு-கார்ட்" என்று தொடங்கும் பாராமீட்டர்களை (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை) நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஷாப்பிஃபைக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. சில தீம்களில் கலெக்‌ஷனுக்குள் இருந்து ஒரு புடவையைச் சொடுக்கினால், முகவரியில் கலெக்‌ஷன் பெயரும் சேர்ந்து வரும். அதே புடவை நான்கு கலெக்‌ஷனில் இருந்தால் நான்கு முகவரி கூடுதலாகிறது. அசல் முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிக்கல் குறி சரியான முகவரியைச் சுட்டினாலும், உங்கள் தளத்துக்குள் இருக்கும் லிங்க் எல்லாம் தவறான முகவரிக்கே போகும். தீம் கோடில் புராடக்ட் கார்டு கோப்பைத் திறந்து, புராடக்ட் யூஆர்எல்லுக்குப் பின்னால் வரும் "விதின் கலெக்‌ஷன்" என்ற துண்டை நீக்கினால் போதும். மாற்றும் முன் தீமை டூப்ளிகேட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றுத் தீர்ந்த புடவையை என்ன செய்வது? கைத்தறியில் பல டிசைன்கள் ஒரே ஒரு பீஸ்தான். மீண்டும் வரும் சரக்கு என்றால் பக்கத்தை அப்படியே வைத்து "ஸ்டாக் இல்லை" என்று காட்டுங்கள். இனி வராது என்றால், ஏறக்குறைய அதே மாதிரியான புடவைக்கோ அதன் கலெக்‌ஷனுக்கோ 301 திருப்பல் (வருபவரை நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்புவது) போடலாம். நெருக்கமானது ஒன்றும் இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) ஆகவே விட்டுவிடலாம், அதில் தவறில்லை. செய்யக் கூடாதது, எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது. மாம்பழ மஞ்சள் புடவை தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரும் போய்விடுவார், கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே கருதி "சாஃப்ட் 404" என்று கழித்துவிடும். ஒற்றைப் பீஸ் அதிகம் விற்பவர்கள் தனிப் பக்கங்களை நம்பி இருக்காதீர்கள். உங்களுக்கு நிலைத்து நிற்பது கலெக்‌ஷன் பக்கம்தான், உழைப்பை அங்கே போடுங்கள்.

படி 4: போனில் வேகம்

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகப்பு, ஒரு கலெக்‌ஷன், ஒரு பொருள் பக்கம் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பார்க்க வேண்டிய அளவுகள்: பெரிய படம் தெரிய ஆகும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 நொடிக்குள், தொட்டால் பதில் வரும் நேரமான ஐஎன்பி 200 மில்லிநொடிக்குள், பக்கம் குதிக்கும் அளவான சிஎல்எஸ் 0.1-க்குள். நான்கில் மூன்று வருகைகளுக்காவது இது கிடைக்க வேண்டும் என்பதுதான் கூகுளின் கணக்கு. 2024 மார்ச்சில்தான் ஐஎன்பி, எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. எஃப்ஐடி பற்றிச் சொல்லும் விளக்கங்கள் பழையவை.

புடவைக் கடையில் எல்சிபி கெடுவதற்கு முதல் காரணம் படம். போனில் எடுத்த 4,000 பிக்சல் அகலப் படம், 4 எம்பி கனத்தில் அப்படியே ஏறியிருக்கும். 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி வடிவில், 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். ரொம்பவும் சுருக்கினால் ஜரிகையின் மெல்லிய கோடுகள் குழம்பிவிடும், ஆகவே தரத்தை 75 முதல் 80 வரை வைத்து, பார்டரைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜூம் செய்வதற்கான பெரிய படம் தொட்ட பிறகு மட்டும் இறங்கட்டும். முதலில் தெரியும் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடாதீர்கள். கீழே இருப்பவற்றுக்கு மட்டும் போடுங்கள். எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் குறிப்பிட்டுவிட்டால் பக்கம் குதிப்பது பெருமளவு நிற்கும்.

இரண்டாவது காரணம், தேவையில்லாத ஆப்கள். சாட் பெட்டி, சுழல் சக்கரப் பாப்-அப், "இப்போதுதான் ஒருவர் வாங்கினார்" அறிவிப்பு. ஆப்பை நீக்கினாலும் அதன் ஸ்கிரிப்ட் சில சமயம் தீமில் தங்கிவிடும், தேடி எடுங்கள். வூகாமர்ஸ் என்றால் ஹோஸ்டிங் மும்பை டேட்டா சென்டரில் இருக்கட்டும்.

திருத்திய மறுநாளே நிஜப் பயனர் எண்கள் மாறாது. அவை 28 நாள் தொகுப்பு. 100 மதிப்பெண் வாங்க முட்டி மோதவும் வேண்டாம். மூன்று அளவுகளும் பச்சையானதும் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: பக்கத்தில் என்ன எழுதுவது?

மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் அதே வரிகளை, அதே படத்தோடு, எண்ணற்ற விற்பனையாளர்கள் ஒட்டியிருப்பார்கள். "படித்தேன், இண்டெக்ஸ் செய்யவில்லை" என்று கன்சோல் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புடவையைக் கையில் எடுத்து அளந்து எழுதுங்கள்: 5.5 மீட்டர் புடவை, 80 செ.மீ. ரவிக்கைத் துணி சேர்ந்தே வருகிறதா. எடை எத்தனை கிராம். அசல் ஜரிகையா, டெஸ்டட் ஜரிகையா. சில்க் மார்க் உண்டா. ஃபால்ஸ் தைத்து வருமா. பெங்களூருக்குள் எத்தனை நாளில் போய்ச் சேரும். வாங்குபவர் போனில் கேட்கும் கேள்விகள் இவைதான், தேடுவதும் இவற்றைத்தான். படமும் நீங்களே, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

மைசூர் சில்க் புவிசார் குறியீடு பெற்ற பெயர். கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்துக்கு உரியது. வேறு கிரேப் புடவைக்கு அந்தப் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள்.

நகரின் பெயர் 2014 நவம்பர் 1-இல் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது, ஆனால் பலர் இன்னும் பழைய பெயரிலேயே தேடுகிறார்கள். கூகுளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டாம். ஜெயநகர், இந்திராநகர், மல்லேஸ்வரம் என்று பேட்டைக்கு ஒரு பக்கம் நகலெடுப்பதும் வேண்டாம். அது டோர்வே பக்கம், அதாவது தேடலில் வருவதற்காக மட்டுமே செய்த பக்கம்; ஸ்பேம் விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டது.

தமிழிலும் பக்கம் வைத்தால் நல்லது. ஆனால் அதற்குத் தனி முகவரி இருக்க வேண்டும். பார்ப்பவரைப் பொறுத்து மொழி தானாக மாறினால் கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும். அதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறி தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கும் போக வேண்டும். ஒருபக்கம் மட்டும் இருந்தால் அது கணக்கில் வராது. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். "சேலை" என்ற ஒரு சொல்லே வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளோடு 36 எழுத்தாக நீண்டுவிடும், அதைப் பார்த்து வைரஸ் லிங்க் என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

படி 6: விலையும் ஸ்டாக்கும் தேடலிலேயே தெரிய

பொருளின் விவரத்தைக் கூகுளுக்குப் புரியும்படி பக்கத்தின் கோடில் எழுதும் புராடக்ட் ஸ்கீமா சரியாக இருந்தால் தேடல் முடிவிலேயே விலையும் ஸ்டாக்கும் வரக்கூடும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெயர், படம், விலை, நாணயம் ஐஎன்ஆர், இருப்பு நிலை இருக்க வேண்டும். வழக்கமான பிழை, தீம் ஒரு ஸ்கீமாவும் பிளகின் இன்னொன்றும் எழுதி, ஒன்றில் எம்ஆர்பியும் மற்றதில் தள்ளுபடி விலையும் இருப்பது. ஒன்றை நிறுத்துங்கள். வாங்காதவர் எழுதிய மதிப்பீட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பிறகு, பொருள்களைக் கூகுளில் பட்டியலிட உதவும் மெர்ச்சண்ட் சென்டரில் இலவசப் பட்டியலுக்குச் சேருங்கள். பொருள் நிராகரிக்கப்பட்டால் மூன்று விஷயம் பாருங்கள்: பக்கத்திலும் ஃபீடிலும் (மெர்ச்சண்ட் சென்டருக்குக் கொடுக்கும் பொருள் பட்டியல்) விலை ஒன்றா, படத்தில் வாட்டர்மார்க்கோ போன் எண்ணோ இருக்கிறதா, ரிட்டர்ன் விதி தளத்தில் தெளிவாக இருக்கிறதா. கைத்தறிப் புடவைக்குப் பார்கோடு எண் கிடையாது. எதையாவது இட்டு நிரப்பாமல், "அடையாள எண் இல்லை" என்ற தெரிவைப் போடுங்கள்.

கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, ரிட்டர்ன் விதி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் ஆகியவை 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்பவை. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். இவை இல்லாத கடையில் முன்பணம் கட்ட வாங்குபவரும் தயங்குவார்.

படி 7: வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

பேஜஸ் அறிக்கையில் 404-உம் 5-இல் தொடங்கும் சர்வர் பிழையும் திடீரென ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில், அதிகம் தோன்றியும் குறைவாகச் சொடுக்கப்படும் தேடல்களை எடுத்து, சராசரி இடம் 8 முதல் 20 வரை இருப்பவற்றின் தலைப்பையும் அறிமுக வரிகளையும் திருத்துங்கள். சைட் என்ற சொல்லோடு முக்காற்புள்ளி வைத்து டொமைனைச் சேர்த்துத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் பக்கங்கள் வருகின்றனவா? வந்தால் தளம் ஹேக் ஆகியிருக்கிறது. திருட்டுப் பிளகின்கள் இதற்கு வழக்கமான நுழைவாயில். செக்யூரிட்டி இஷ்யூஸ் பகுதியைத் திறந்து, ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றுங்கள்.

பண்டிகைப் பக்கங்களைக் கடைசி வாரத்தில் போடாதீர்கள். பெங்களூரில் பட்டு வியாபாரம் வரமகாலட்சுமி பூஜையை ஒட்டியே சூடுபிடித்துவிடும். பெரும்பாலும் ஆகஸ்டில் வரும் அந்தப் பூஜைக்கான கலெக்‌ஷன் பக்கம் ஜூன் தொடக்கத்திலேயே தளத்தில் இருக்க வேண்டும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். பூஜை முடிந்ததும் பக்கத்தை நீக்காமல், "அடுத்த வரவு விரைவில்" என்று போட்டு, மெனுவில் இருந்து மட்டும் எடுத்துவிட்டு, ஃபுட்டரில் ஒரு லிங்க் விட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே முகவரியில் புடவைகளை மட்டும் மாற்றினால் போதும்.