நம் வீட்டு வம்சக் கதையைத் தேடும் வழி: ஜாதகக் கட்டிலிருந்து பழைய பத்திரம் வரை

பிரபலங்களின் பூர்விகத்தைத் தேடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நம்மை இழுத்துப் பிடிப்பது அந்த நடிகரின் புகழ் அல்ல. பழுப்பேறிய பதிவேட்டில் தன் பாட்டியின் பெயரைப் படிக்கும்போது அவர் குரல் உடைகிறதே, அந்த நொடிதான். பிபிசி 2004-ல் தொடங்கிய 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்', அமெரிக்காவில் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நடத்தும் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' இரண்டுமே அந்த நொடியை நோக்கித்தான் நகர்கின்றன. சென்னையில் இருந்தபடியே உங்கள் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ அதே நொடியைத் தரலாம்.

வீட்டில் மூத்தவரிடம் தொடங்குங்கள். "நம்ம முன்னோர் எப்படி?" என்று கேட்டால் பெருமைப் பேச்சுதான் வரும். "காதுகுத்துக்கு யார் மடியில உட்கார்ந்தீங்க?" என்று கேளுங்கள், தாய்வழிப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். அடுத்து குலதெய்வம். சென்னைக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்களுக்குச் சொந்த ஊரைக் காட்டும் ஒரே தடயம் பல நேரங்களில் அதுதான். கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் நோட்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பங்காளிகளின் பெயர்கள் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் சேர்க்கைக்கு வயது பொருந்தட்டும் என்று ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவது சகஜம். ஜாதகம் அதைவிட உறுதியான சான்று, ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். 'விக்ருதி வருஷம் தை மாசம்' என்றிருந்தால் அது 1891-ஆ, 1951-ஆ? விக்ருதி 1890-லும் 1950-லும் சித்திரையில் பிறந்தது. தை வரும்போது ஆங்கில ஆண்டு மாறிவிடும். இதை மறந்து ஓராண்டு பிசகுபவர்கள் ஏராளம். அறுபது ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க ராசிக் கட்டத்தைப் பாருங்கள். குருவும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால் அவை உதவாது. ராகு ஒரு சுற்றுக்குச் சுமார் பதினெட்டரை ஆண்டு எடுத்துக்கொள்வதால் கிட்டத்தட்ட மூன்று ராசி தள்ளி நிற்கும். பழைய பஞ்சாங்கத்திலோ ஜாதக மென்பொருளிலோ இரண்டு ஆண்டுகளையும் போட்டு, ராகு எதில் பொருந்துகிறது என்று பாருங்கள். சூரியன் நிற்கும் ராசி தமிழ் மாதத்தைச் சரிபார்க்கும்: தை என்றால் மகரம்.

அடுத்து, பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட். சொத்து எப்போதோ கைமாறியிருந்தாலும் பத்திரம் பேசும். 'காலஞ்சென்ற இன்னார் குமாரர் இன்னார்' என்ற ஒரே வரியில் இரண்டு தலைமுறை இருக்கிறது. பெண்களின் பெயர் 'சம்சாரம்', 'பாரியாள்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியை விட்டுவிடாதீர்கள். 'இன்னார் மனைக்கு வடக்கு' என்று வரும் அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால், ஆவண எண்ணும் ஆண்டும் இருந்தாலே சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடலாம். எண் தெரியாவிட்டால் முதலில் வில்லங்கச் சான்று எடுத்து எண்ணைக் கண்டுபிடியுங்கள். இணையத்தில் ஏறாத ஆண்டுகளுக்குக் கையால் தேடச் சொல்லித் தனி மனு தர வேண்டும். கதவு எண்ணில் கவனம் தேவை. பழைய எண்ணும் புது எண்ணும் கலந்தால் வேறொருவர் வீட்டுக் கதையை எடுத்து வந்துவிடுவீர்கள்.

இதைவிடப் பின்னால் போக எழும்பூர், காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையோடு அனுமதி வாங்கி, ஊர், தாலுகா, பழைய ஜில்லாப் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். வெறும் ஆள் பெயரோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். முன்னோருக்கு இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம், இருந்திருந்தால், 1860-களின் இனாம் பதிவேட்டில் மானியம் பெற்றவருக்கும் அப்போது அனுபவித்தவருக்கும் உள்ள உறவு எழுதப்பட்டிருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் பதிவுகள் 1680-லேயே தொடங்குகின்றன. கப்பலேறியவர்கள் உள்ள குடும்பமா? 1860-ல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கும் பட்டியல்களில் தகப்பன் பெயர், சாதி, கிராமம் வரை உண்டு. ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரை உரக்கப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பெரிய பிழை நடப்பது பெயர்களில். பேரனுக்குப் பாட்டன் பெயரே வருவதால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பும். இருவரை ஒருவராக்கிவிட்டால் மரம் முழுக்கக் கோணலாகும். தகப்பன் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.

இரண்டாம் கல்யாணம், தத்து, சாதி விட்டுச் சாதி திருமணம் எல்லாம் வெளிவரும். உயிரோடிருப்பவரைத் தொடும் எதையும் அவரிடம் தனியாகச் சொல்லாமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதீர்கள்.

கடைசியில் மரம் முழுவதையும் விரிக்காமல், ஒரே ஒரு பக்க நகலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் பெரியப்பா கையில் கொடுங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை பேசாதீர்கள். முதல் நாள் எவ்வளவு கேட்டும் நினைவுக்கு வராத பெயர்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும்.