மிட்-சைடா, லெஃப்ட்-ரைட்டா: மிக்ஸைக் கெடுக்கும் தவறுகள்

ஸ்டீரியோ மிக்ஸை, அதாவது எல்லா டிராக்குகளும் சேர்ந்த ஒலியை, ஈக்யூவிலும் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) கம்ப்ரஸரிலும் லெஃப்ட்-ரைட்டாகவோ மிட்-சைடாகவோ பிரித்துத் திருத்தலாம். மிட் என்றால் நடுவில் கேட்பது, சைடு என்றால் ஓரங்களில் கேட்பது என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. லெஃப்டையும் ரைட்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மிட்; லெஃப்டிலிருந்து ரைட்டைக் கழித்துப் பாதியாக்கினால் சைடு. முழுக்க லெஃப்டுக்கு பேன் செய்த (ஒதுக்கிய) கிட்டார் இரண்டிலும் சம அளவில் இருக்கும்.

அந்தக் கிட்டார் பளிச்சென்று விரியட்டும் என்று ஈக்யூவில் சைடை மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபல், அதாவது இரு மடங்கு, ஏற்றிப் பாருங்கள். அந்த இடத்தில் லெஃப்டில் கிட்டார் ஒன்றரை மடங்காகும். அதுவரை எதுவுமே இல்லாத ரைட்டிலும் பாதியளவு கிட்டார், போலாரிட்டி (அலையின் ஏற்ற இறக்கத் திசை) தலைகீழாக, வந்து சேரும். ஹெட்போனில் அகலமாகத் தெரியும். லெஃப்டும் ரைட்டும் ஒன்றாகக் கூடும் மோனோ ஸ்பீக்கரில் சைடு முழுதாக ரத்தாகிவிடுவதால், ஏற்றிய பளிச்சு அங்கே கேட்கவே கேட்காது. ஒரு பக்கக் கிட்டாரில்தான் கரகரப்பு என்றால் லெஃப்ட்-ரைட் மோடில் அந்தப் பக்கத்தை மட்டும் குறையுங்கள். தனி டிராக் கையில் இருந்தால் அதுவும் வேண்டாம், டிராக்கிலேயே சரிசெய்யலாம். மிட்-சைடு ஈக்யூ உண்மையில் உதவுவது ஸ்டீரியோ பைல் மட்டும் கிடைக்கும்போதுதான்; அங்கும் ஓரிரு டெசிபல் போதும்.

சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரஸரில் நடப்பது வேறு. சைடு பெரும்பாலும் மிட்டைவிடச் சன்னமாக இருக்கும்; இரண்டுக்கும் ஒரே த்ரெஷோல்டு (அமுக்கத் தொடங்கும் அளவு) வைத்தால் மிட் மட்டுமே அமுங்கும். ஒவ்வொரு கிக் டிரம் அடிக்கும் குரல் பின்வாங்கி, ஓரங்கள் உப்பும். லெஃப்ட்-ரைட்டில் லிங்க்கை (இரு பக்கத்தையும் ஒரே அளவில் அமுக்கும் இணைப்பு) அணைத்து வைப்பதும் இதே ரகம்தான்: ரைட்டில் டாம் டிரம் அடி விழுந்தால் ரைட் மட்டும் இறங்கி, நடுவில் நிற்க வேண்டிய குரல் லெஃப்டுக்கு நகரும். மொத்த மிக்ஸும் கடைசியாகச் செல்லும் மாஸ்டர் பஸ்ஸில் லிங்க் போட்டே வையுங்கள்.

சைடில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வழக்கம் வினைல் சார்ந்தது. ரெக்கார்டின் பள்ளத்தில் சைடு மேலும் கீழுமான அசைவாகப் பதியும். அதில் பேஸ் அதிகமானால் ஊசி தாவும். ஸ்ட்ரீமிங்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சாதாரண ஈக்யூவில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு வைத்தால் மிட்டுக்கும் சைடுக்கும் இடையே ஃபேஸ் (அலைகளின் நேர ஒத்திசைவு) விலகி, பேன் செய்த கருவிகளின் இடம் கலங்கும். 6 அல்லது 12 டெசிபல் சரிவு போதும். ஃபேஸை விலக விடாத லீனியர் ஃபேஸ் ஈக்யூ இதைத் தவிர்க்கும்; ஆனால் கிக்குக்கு முன்னால் மெல்லிய முன்னொலி வரலாம்.

வெவ்வேறு பிளகின்களில் என்கோடும் (மிட்-சைடாக மாற்றுவது) டிகோடும் (திரும்ப லெஃப்ட்-ரைட்டாக்குவது) செய்தால் அளவையும் சோதியுங்கள். ஒன்றுமே பாதியாக்காவிட்டால் 6 டெசிபல் கூடிவிடும், அதையே 'நன்றாக இருக்கிறது' என்று நம்பிவிடுவோம். என்கோடுக்கும் டிகோடுக்கும் இடையே எதுவும் போடாமல், அசல் டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பிச் சேர்த்து ஓடவிடுங்கள். முழு மௌனம் வர வேண்டும்.