நத்தாருக்கு சொக்லேட் பிஸ்கட் புடிங்

கொழும்புப் பக்கம் நத்தார் விருந்தெண்டா இது இல்லாத மேசை குறைவு, செய்ய ஓவனே தேவையில்லை. 200 கிராம் பட்டரை வெளியில வச்சு இளக விடுங்கோ, உருக்க வேண்டாம், உருக்கினா கிரீம் நிக்காது. அதோட 250 கிராம் ஐசிங் சீனியை அரிச்சுப் போட்டு வெளுக்கும்வரை அடிச்சிட்டு, 50 கிராம் கொக்கோவை கட்டியில்லாம கரையிற அளவு சுடுபால்ல கரைச்சு நல்லா ஆறவிட்டு சேருங்கோ.

மாரி பிஸ்கட் ரெண்டு பக்கட் காணும். முக்கியமான விசயம் நனைக்கிறதுதான், ஆறின பால்ல போட்டு உடனே எடுக்கோணும், ஒரு செக்கன் கூடினாலும் களியாகிடும், நனைக்காம வச்சா வெட்டேக்க நொறுங்கும். பாலுக்க கொஞ்சம் நெஸ்கபே போட்டா இனிப்பு திகட்டாது, பெரியாக்கள் மட்டும் எண்டா ரம்மும் விடலாம்.

கண்ணாடித் தட்டில ஒரு அடுக்கு பிஸ்கட், அதுக்கு மேல மெல்லிசா கிரீம், இப்பிடியே நாலஞ்சு அடுக்கு, கடைசி கிரீமாத்தான் இருக்கோணும். வறுத்த கஜுவை இடிச்சுத் தூவி மூடி ப்ரிஜ்ஜில ராமுழுக்க வையுங்கோ, ப்ரீசர்ல வேண்டாம். பரிமாற பத்து நிமிசத்துக்கு முதல் எடுத்தா காணும், கொழும்பு வெக்கைக்கு அதுக்கு மேல தாங்காது.