ஜன்னல் துடைக்கும் வேலைக்கு வீடு வீடாகக் கேட்கப் போகிறீர்களா?

பெங்களூரில் இந்தத் தொழிலைத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதலில் பெரிய அபார்ட்மெண்ட் கேட்டில் போய் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் அனுமதித்தால்தான் செக்யூரிட்டி விடுவார். அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். அல்சூர், இந்திராநகர், ஜெயநகர் பக்கம் தனி வீடுகள் உள்ள தெருக்களில் தொடங்குங்கள்.

மணியடிக்குமுன் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் அது போர்வெல் தண்ணீரின் உப்பு. சோப்புத் தண்ணீருக்குப் போகாது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, 5 நிமிடம் ஊறவிட்டு, வைப்பரால் இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். ஒரே ஒரு கண்ணாடியை இலவசமாகச் செய்து காட்டுங்கள். பக்கத்துக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் மீதியையும் செய்யச் சொல்வார். நீங்கள் அதிகம் பேசவே வேண்டாம். ஜன்னல் திண்ணை மார்பிளாக இருந்தால் வினிகர் சொட்டாமல் துணி விரியுங்கள், வினிகர் பட்டால் மார்பிளின் பளபளப்பு போய்விடும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் நல்ல நேரம். வரமகாலட்சுமி, ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு எல்லோரும் வீட்டைச் சுத்தம் செய்ய நினைப்பார்கள், அப்போது கட்டாயம் போங்கள். மணியடித்ததும் இரண்டடி பின்னால் நின்று, 'நமஸ்காரா, கிடகி க்ளீன் மாட்தீவி' (வணக்கம், ஜன்னல் சுத்தம் செய்கிறோம்) என்று கன்னடத்திலேயே தொடங்குங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி, வீட்டு எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பண்டிகைக்கு மறுபடி போங்கள்.

மாடி ஜன்னலை வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு துடைக்கச் சொன்னால் மட்டும், எவ்வளவு பணம் தந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி.