பழைய விமானப் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய விமானங்களில் ஆர்வம் உள்ள இளைஞர்கள் பெருகிவருவது நல்ல விஷயம். ஆனால் கண்ணில் பட்டதற்கெல்லாம் பிரபலமான பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். இரட்டை இன்ஜின் என்றால் உடனே டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானம்தான்! டகோட்டா தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். இன்னொரு இரட்டை இன்ஜின் விமானமான ஆவ்ரோ 748 மூக்குச் சக்கரத்தில் சமமாக நிற்கும், அதன் இன்ஜினும் டர்போப்ராப், அதாவது டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை. இதை மட்டும் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தஞ்சையில் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் இருந்ததாகச் சொல்வது அடுத்த தவறு. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) 1942 கடைசியில் இங்கே மீண்டும் உருவானபோது அதனிடம் இருந்தது வெலிங்டன் என்ற வேறொரு குண்டுவீச்சு விமானம். வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடி ரோந்து போனது, 1943-ல் அல்ஜீரியாவுக்குக் கிளம்பிவிட்டது. லங்காஸ்டருக்கு நான்கு இன்ஜின், வெலிங்டனுக்கு இரண்டு.

தாத்தாக்களிடம் விசாரிக்கும்போதும் இந்த அவசரம் கெடுதல் செய்யும். "நீங்க பார்த்தது லங்காஸ்டர்தானே தாத்தா?" என்று கேட்டால் அவரும் "ஆமா தம்பி" என்றுதான் சொல்வார். எத்தனை இன்ஜின், வாலில் எத்தனை துடுப்பு என்று கேளுங்கள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடல் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெலிங்டனின் உடல், மூங்கில் கூடை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய டுராலுமின் (அலுமினியக் கலவை) சட்டம். அதன் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அதை விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியிருப்பார்கள். உடல் முழுக்க ரிவெட் (உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசை போட்டால் அது வேறு விமானமாகிவிடும். பிரிட்டிஷ் விமானங்களின் அடையாளமான வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வைப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். ஜப்பானியச் சின்னமான சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து சிவப்பை நீக்கிவிட்டார்கள், பின்னர் இரண்டு நீலமே மிஞ்சியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடலுக்கு லாக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் பால்போல் வெளுத்துவிடும்.

கடைசியாக, தஞ்சை விமானப்படைத் தளத்தின் வேலி அருகே கேமரா, டிரோன் எதுவும் வேண்டாம். அங்கே இப்போது சுகோய் 30 நிற்கிறது, படம் எடுக்க அனுமதி கிடையாது. பழைய விமானத்தைக் கண்ணாரப் பார்க்க டெல்லி பாலம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே லிபரேட்டர் என்ற போர்க்காலக் குண்டுவீச்சு விமானமே இருக்கிறது.