அம்பாசிடர் ஆயில் சம்ப் பேக்கிங் மாற்றுவது: நான்கு மூலைகளில்தான் வேலையே இருக்கிறது

என்னிடம் இருப்பது 1984 மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் வண்டி. அப்பா ஓட்டியது. போர்ட்டிகோ தரையில் தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை இருக்கும். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிதான் சம்ப். அதற்கும் இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் நடுவில் ஆயில் கசியாமல் இருக்கப் போடுவது பேக்கிங். அந்த சம்ப் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை போட்டது 400 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது முறை போட்டது மூன்று மழைக்காலம் தாண்டியும் உலர்ந்தே இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒழுகுவது சம்ப்தானா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் இடது பக்கம், புகைக்குழாய் வந்து சேரும் மேனிஃபோல்டுக்குக் கீழே, இரண்டு டாப்பெட் கவர்கள் (வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகளை மூடும் தகடுகள்) இருக்கின்றன. அவற்றுக்கும் கார்க் பேக்கிங்தான். அங்கே கசிந்தால் ஆயில் பிளாக் வழியாக இறங்கி, சம்ப் விளிம்பில் வந்து நின்று சொட்டும். கீழிருந்து பார்க்கிறவருக்கு சம்ப் ஒழுகுவதாகவே தெரியும். இன்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் அது கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்கத்து ஆயில். அங்கே ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் உண்டு. அந்தக் கசிவை சம்ப் பேக்கிங் நிறுத்தாது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜினின் அடிப்பக்கம் முழுவதையும் டீசல் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை சம்ப் விளிம்பிலும் டாப்பெட் கவரிலும் தூவுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், ஆயில் எங்கே புறப்படுகிறது என்பது வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரியும். கூடவே இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

பேக்கிங் வாங்குவது

நான் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனதால், கடைகளில் இருப்பதில் பழைய சரக்கும் கலந்திருக்கும். மடித்துப் பார்த்து வாங்குங்கள். உலர்ந்த கார்க் விரலிலேயே உதிரும். கொஞ்சம் சுருங்கி, போல்ட் துளைகள் மட்டும் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் கார்க் விரிந்துகொடுக்கும். என் செட்டில் நான்கு துண்டுகள் இருந்தன: பக்கவாட்டுக்கு நீளமான இரண்டு, முன்னும் பின்னும் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப்பின் அரைவட்டத்தில் உட்கார இரண்டு கார்க் பட்டைகள். அந்தப் பட்டைகள் இல்லாத செட்டை வாங்காதீர்கள்.

கழற்றுவது

இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒரு முறை கையால் ஆட்டிப் பார்த்த பிறகே படுங்கள்.

போல்ட் தலைகளுக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். கையில் 12 மில்லிதான் இருக்கிறது என்று அதை மாட்டினால் தலை உருண்டுவிடும். எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் சம்ப் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாமல், பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். இறக்கும்போது உள்ளே ஆயில் பம்பின் வலை தட்டும். அவசரப்படாமல் சாய்த்து எடுத்தால் வந்துவிடும். என் வண்டியில் இன்ஜினை இறக்க வேண்டியிருக்கவில்லை.

சம்ப்பின் அடியில் படிந்திருக்கும் கசடை விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைநிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பேக்கிங்கோடு நிறுத்த வேண்டாம். பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது.

விளிம்பை நேராக்குவது

பல வருடமாக யார் யாரோ இறுக்கி இறுக்கி, ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு பிளாக் பக்கமாகப் புடைத்திருக்கும். இப்படியே மாட்டினால் துளை இருக்கும் இடத்தில் மட்டும் கார்க் நசுங்கும். இரண்டு துளைக்கு நடுவில் இடைவெளி நிற்கும், ஆயில் அங்கேதான் வரும். என் சம்ப்பை சமையல் மேடையின் கிரானைட் மேல் கவிழ்த்து, உள்பக்கம் டார்ச் வைத்தேன். விளிம்பு நெடுக வெளிச்சம் பிறை பிறையாகத் தெரிந்தது. விளிம்பின் அடியில் தேக்குக்கட்டை கொடுத்து, பால்பின் சுத்தியலால் ஒவ்வொரு துளையாக மெதுவாகத் தட்டினேன். வெளிச்சம் மறைய முழுசாக ஒரு மணி நேரம் ஆனது. இந்த ஒரு மணி நேரத்தை யாரும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

பிளாக் பக்கத்தில் பழைய பேக்கிங்கைச் சுரண்ட பழைய ஷேவிங் பிளேடை ஹோல்டரில் மாட்டிக்கொள்வேன். கடைசித் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட், கொஞ்சம் தின்னர்.

மூலைகள்

நான் தவறியது இங்கேதான். அரைவட்டத்தில் உட்காரும் கார்க் பட்டையை வைத்துப் பார்த்தால் இரண்டு முனையிலும் கொஞ்சம் நீளமாக நிற்கும். முதல் முறை அதை விளிம்பு மட்டத்துக்குச் சுத்தமாக வெட்டிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டே வாரத்தில் பின்பக்க மூலைகள் இரண்டிலும் ஆயில் வந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். நான் வெட்டிப்போட்ட துணுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது நீளமா இருக்குன்னா வெட்டுனீங்க தம்பி? இது நீளமாத்தான் இருக்கணும்” என்றார்.

பட்டையின் முனைகள் மட்டத்தைவிட ஏறக்குறைய 1½ மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். சம்ப் மேலே ஏறும்போது அந்த மிச்சம்தான் நசுங்கி மூலையை அடைக்கிறது. அதற்கு மேல் நீளம் இருந்தால் மட்டும் வெட்டலாம். முதலில் ஒன்றுமே வெட்டாமல் அழுத்தி உட்காரவைத்துப் பாருங்கள். வளைவில் சரியாகப் படியாததாலும் முனை நீளமாகத் தெரியும். பெருவிரலால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டே வந்தால் படிந்துவிடும்.

நீளமான பக்கத் துண்டும் பட்டையும் சந்திக்கிற நான்கு மூலைகளிலும் ஒரு பச்சைப்பயறு அளவு சிலிகான் வையுங்கள். வேறெங்கும் சிலிகான் வேண்டாம். விளிம்பு முழுக்கப் பிதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே வழிகிற அதே அளவு உள்ளேயும் வழியும், பிய்ந்து போய் பம்ப் வலையில் சிக்கும். சம்ப் பக்கத்துக்கு மெல்லிசாக ஷெல்லாக் (அரக்குப் பசை) தடவி கார்க்கை ஒட்டிவிடுவேன், பிளாக் பக்கத்துக்கு லேசாக கிரீஸ். அடுத்த முறை கழற்றும்போது சுரண்டுகிற வேலை பாதியாகும்.

இறுக்குவது

ஆள் ஒருவர் சம்ப்பைத் தாங்கிப் பிடிக்க, எல்லா போல்ட்டையும் விரலாலேயே ஏற்றுங்கள். ஒன்றைக்கூட முன்கூட்டி இறுக்காதீர்கள். பிறகு நடுவில் தொடங்கி, எதிரெதிராக, மூன்று சுற்றாக. அளவு 6 அடி-பவுண்டுதான், அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. எனக்குப் பிடித்தது டி-ஸ்பேனர். தண்டையே விரல்களால் பிடித்துத் திருப்பி, கடைசியில் மட்டும் கைப்பிடியை இரண்டு விரலால் இழுப்பேன். கார்க் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

டிரெயின் பிளக்குக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள். ஃபில்டரும் மாற்றிவிட்டு 20W-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். மூன்றரை லிட்டர் ஊற்றியதும் டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். ஆயில் பிரஷர் வரும்வரை இன்ஜினை உறுமவிடாதீர்கள்.

200 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை ஒரு முறை, ஒரே ஒரு முறை, அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். கார்க் படிந்திருக்கும், கால் சுற்று போல ஏறும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு இரண்டு போல்ட் இறுகாமல் சும்மாவே சுற்றியிருக்கிறது. பிளாக்கில் மரை போய்விட்டது. பெரிய போல்ட்டைத் திணிக்காமல், லேத்தில் சொல்லி ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது துளைக்குள் கிரீஸ் வைத்தால் இரும்புத்தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொருவர் 1800 ஐசுசு வண்டிக்கும் இதே முறையா என்று கேட்டார். இல்லை, அது முழுக்க வேறு இன்ஜின், இந்த பேக்கிங் செட் அதற்குச் சேராது.

என் வண்டிக்கு அடியில் இப்போதும் இரவில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டை விரித்துவைக்கிறேன். பெல் ஹவுசிங்குக்கு நேராக வாரம் ஒரு பொட்டு விழுகிறது. சம்ப்புக்கு நேராக ஒன்றுமில்லை.